இருபத்துமூன்று பொத்தான்கள்

வகுப்புக்குப் பதின்மூன்று பேர் வந்தால் எனக்கு நிம்மதி. பதினேழு வந்தாலும் பத்தொன்பது வந்தாலும் அப்படித்தான். பன்னிரண்டு, பதினாறு, பதினெட்டு என்றால் வாசலோடு திரும்பிப் போய்விடலாமா என்று பார்ப்பேன்.

எல்லாம் எங்கள் ஆசிரியையின் வழக்கத்தால் வந்தது. மனோர் பார்க்கில் ஒரு மண்டபத்தின் மேல்மாடியில் பெரியவர்களுக்கென்று நடந்த கோடைகாலக் கணக்கு வகுப்பு அது. நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். லண்டனுக்கு வந்த நாள் முதல் உணவுக் களஞ்சியங்களில் பெட்டி தூக்கினேன். முதுகு மறுத்த பிறகு வேறு வேலை தேடினால் போகும் இடமெல்லாம் ஒரு கணக்குச் சான்றிதழ் கேட்டார்கள். மனைவி இணையத்தில் தேடி இந்த வகுப்பில் என்னைப் பதிந்துவிட்டாள். கணக்கு எனக்குப் பயமில்லை. மனிதர்கள்தான் பயம். நாலு பேர் இருக்கும் மேசையில் ஆங்கிலத்தில் வாய் திறக்க வேண்டும் என்று நினைத்தாலே சட்டைக்குள் வியர்க்கும்.

ஆசிரியை ஒவ்வொரு நாளும் ஒரே கேள்வியோடு தொடங்குவார். இன்று எத்தனை பேர் வந்திருக்கிறோம்? எப்படிச் சமமாகப் பிரியலாம்? பதினெட்டுப் பேர் என்றால் இரண்டு குழுவாக, மூன்றாக, ஆறாக, ஒன்பதாக. நாங்கள் சொல்லச் சொல்ல அவர் பலகையில் எழுதி, ஒன்றோடும் பதினெட்டோடும் சேர்த்து இவைதான் பதினெட்டின் காரணிகள் என்பார். பிறகு அவற்றில் ஒன்றைத் தெரிந்தெடுத்து அத்தனை குழுக்களாக எங்களை உடைப்பார். பதினேழு பேர் வந்த நாளில் கைகளை விரித்துச் சிரித்தார். "இன்று எங்களை யாராலும் பிரிக்க முடியாது" என்றார். அன்று எல்லோரும் சேர்ந்திருந்து பலகையைப் பார்த்துப் படித்தோம். என்னை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. அந்த மாதிரி எண்களை அன்றிலிருந்து நான் மனத்தில் பொறுக்கி வைக்கத் தொடங்கினேன்.

அவற்றுக்குத் தமிழ்ப்பெயர் சொன்னவர் பக்கத்துக் கதிரையில் இருந்தவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். யாழ்ப்பாணத்தவர்தான். ஜேர்மனியில் கொஞ்சக் காலம் இருந்துவிட்டு இங்கே வந்து வீடுகளுக்குப் பெயின்ற் அடித்தவர். இப்போது வேலையில்லை. உதவிப்பணம் கொடுக்கும் பெனிபிட் கந்தோரில் வகுப்புக்குப் போகச் சொன்னதால் வந்திருந்தார்.

"முதன்மை எண் தம்பி. ஊரில சோதினைக்குப் படிச்சது. ஒண்டும் தானும் தவிர வேற ஒருத்தரும் அதைப் பிரிக்கேலாது. கலியாணம் கட்டாத ஆம்பிளை மாதிரி. என்னை மாதிரி."

"அந்த ஒண்டு ஆர் அண்ணை?"

"முருகன்தான். வேற ஆர் என்னோட இருக்கப் போயினம்?"

அவர் சத்தமாகக் கதைப்பவர். தப்பான ஆங்கிலத்தைக் கூச்சமில்லாமல் கதைத்து எல்லோரையும் சிரிக்க வைப்பார். அவரோடு ஒரே மேசையில் இருந்தால் நான் வாய் திறக்கத் தேவையில்லை. எனக்கும் சேர்த்து அவரே கதைத்துவிடுவார். ஆனால் பக்கத்தில் பக்கத்தில் இருந்ததால் ஒவ்வொரு முறையும் பிரிந்து போனோம். ஆசிரியை பிரிக்கும் முறை அப்படி. மூன்று குழு என்றால், கதிரை வரிசைப்படி ஒன்று, இரண்டு, மூன்று, மறுபடி ஒன்று, இரண்டு, மூன்று என்று எங்களைச் சொல்லச் சொல்வார். ஒன்று சொன்னவர்கள் ஒரு மேசைக்கு, இரண்டு சொன்னவர்கள் இன்னொன்றுக்கு. அடுத்தடுத்து இருப்பவர்கள் எப்போதும் வேறு வேறு எண்தான் சொல்வார்கள்.

இதற்கு ஒரு வழி இருக்கிறது என்று பஸ்ஸில் போகும்போது பிடிபட்டது. மூன்று குழு என்றால் மூன்று கதிரை தள்ளி இருக்க வேண்டும். ஆறு குழு என்றால் ஆறு. ஆறு என்பது இரண்டுக்கும் மூன்றுக்கும் மடங்கு. ஆகவே பதினெட்டுப் பேர் வரும் நாளில் ஆறு கதிரை தள்ளி இருந்தால், அவர் இரண்டாகப் பிரித்தாலும் மூன்றாகப் பிரித்தாலும் ஆறாகப் பிரித்தாலும் நாங்கள் இருவரும் ஒரே மேசை. ஒன்பதாகப் பிரித்தால் மட்டும் விதி.

அண்ணையிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார்.

"கூச்சம் பிடிச்ச மனிசனுக்கு இவ்வளவு மூளை இருக்குதோ! களவெடுக்கிறதுக்குப் பிளான் போடுற மாதிரியெல்லோ போட்டிருக்கிறீர்."

அதன் பிறகு நாங்கள் முதலில் உள்ளே போவதில்லை. படிக்கட்டுக்குப் பக்கத்தில் நின்று தலைகளை எண்ணுவோம். வகுப்புத் தொடங்கும் நேரத்தில் அவர் கேட்பார், "இண்டைக்கு எத்தினை?" நான் எங்களையும் சேர்த்துச் சொல்வேன். "பதினாறு." "அப்ப?" "எட்டுக் கதிரை தள்ளி, அண்ணை." உள்ளே போய் ஆளுக்கொரு கதிரையை வேண்டிய இடத்தில் செருகிக்கொள்வோம். பன்னிரண்டு வரும் நாள்தான் மோசம். ஆறு தள்ளி இருந்தால் நாலாகப் பிரிக்கும்போது கெட்டுவிடும். நாலு தள்ளி இருந்தால் மூன்றாகப் பிரிக்கும்போது கெட்டுவிடும். எல்லாவற்றுக்கும் பொருந்த வேண்டுமென்றால் பன்னிரண்டு தள்ளி இருக்க வேண்டும். அதற்கு அத்தனை கதிரை இல்லை.

அப்படி எட்டுக் கதிரை தள்ளி இருந்து ஒரே குழுவான ஒரு நாளில்தான் பொத்தான் தொலைந்தது.

ஆசிரியை ஒவ்வொரு மேசையிலும் ஒரு டப்பா நிறையச் சட்டைப் பொத்தான்களைக் கவிழ்த்தார். இருபத்துநாலு இருக்கும், சம வரிசைகளாக எத்தனை விதத்தில் அடுக்கலாம் என்று பாருங்கள் என்றார். எங்கள் மேசையில் நான், அண்ணை, முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் ஒரு நைஜீரியாப் பெண்மணி, அதிகம் பேசாத ஒரு ருமேனிய இளைஞர். மற்ற மேசைகளில் மூன்று எட்டு, நாலு ஆறு என்று அடுக்கி எழுதத் தொடங்கிவிட்டார்கள். எங்களுக்கு ஒன்றும் அமையவில்லை. இரண்டு வரிசையாக வைத்தால் ஒன்றில் ஒரு பொத்தான் குறைந்தது. மூன்று வரிசையாக வைத்தாலும் ஒன்று குறைந்தது. நாலாக வைத்தாலும் அப்படியே.

"இந்த மேசை சரிவு" என்று அண்ணை ஆங்கிலத்தில் சொன்னார். பெண்மணி அவர் தோளில் தட்டிச் சிரித்தார். ஆசிரியை வந்து எண்ணிப் பார்த்தார். இருபத்துமூன்று. மேசைக்குக் கீழே தேடினோம். கிடைக்கவில்லை. "பரவாயில்லை, உங்களிடம் இருப்பது ஒரு முதன்மை எண்" என்று சொல்லி அதையே பாடமாக்கினார். ஒரே நீட்டு வரிசையாக வைப்பதைத் தவிர அதற்கு வேறு வழி இல்லை. இருபத்துமூன்று பொத்தான்களும் மேசையின் ஒரு கரையிலிருந்து மறு கரைவரை போய் நின்றன.

வகுப்பு முடிந்து அண்ணையும் நானும் தேத்தண்ணிக் கடைக்கு நடந்தோம். பெரிய தெருவால் போய், பாலத்தைத் தாண்டி, நல்ல தூரம். வழியில் அவர் காலடியில் இடைக்கிடை ஒரு சின்ன 'டிக்' சத்தம் கேட்டது. சப்பாத்தின் குதி கழன்றிருக்கிறது என்று நினைத்தேன். கடையில் இருந்ததும் வழக்கம்போல மேசைக்குக் கீழே சப்பாத்தைக் கழற்றிவிட்டார். வகுப்பிலும் அப்படித்தான் இருப்பார். ஏதோ நிலத்தில் விழுந்து உருண்டது. சிவப்புப் பொத்தான்.

எடுத்துப் பார்த்துவிட்டு அவர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். "பாத்தீரே! உமக்கு முதன்மை எண் படிப்பிச்சது என்ர கால்."

நான் அவருடைய பாதத்தைப் பார்த்தேன். பெருவிரலுக்குக் கீழே வட்டமாக ஒரு பள்ளம். பொத்தானின் நாலு துளைகளும் அதில் பதிந்திருந்தன.

"நோகேல்லையோ அண்ணை?"

"என்னத்துக்கு நோகுது? ஏணியில நிண்டு நிண்டு மாட்டுத்தோல் மாதிரி."

"இவ்வளவு தூரம் நடந்தனீங்கள்."

"தேத்தண்ணியைக் குடியும் காணும். ஆறுது."

அந்தப் பள்ளம் நாங்கள் குடித்து முடிக்கும் வரைக்கும் நிரம்பவில்லை. அவர் பொத்தானைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அவருக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, இருப்பது எனக்கு முன்பே தெரியும். அன்றைக்கும் தேத்தண்ணியில் மூன்று கரண்டி போட்டுத்தான் குடித்தார்.

பிறகு முருகன் கோயில் தேர்த் திருவிழா வந்தது. லண்டனில் எப்போதாவது வரும் அந்த மாதிரி வெயில். காலை பத்து மணிக்கே றோட்டுத் தார் மினுங்கியது. தொண்டர்கள் வாளிகளில் தண்ணீர் கொண்டு வந்து தேருக்கு முன்னால் ஊற்றினார்கள். ஊற்றிய இடம் நாலு அடி நடப்பதற்குள் காய்ந்தது. வெறுங்காலோடு நான் றோட்டுக் கரையில் போட்டிருந்த வெள்ளைக் கோட்டின் மேல் ஒரு பாதத்துக்கு முன்னால் மறுபாதம் வைத்து நடந்தேன். வெள்ளை கொஞ்சம் சூடு குறைவு. மற்றவர்களும் அப்படித்தான். ஒரு கோட்டில் நூறு பேர் கயிற்றில் நடப்பவர்கள் போலப் போனோம்.

அண்ணை காவடி எடுத்திருந்தார். நேர்த்தி என்று சொன்னார். எதற்கென்று சொல்லவில்லை. அவர் கோட்டுக்கு வரவில்லை. கறுத்த றோட்டின் நடுவில், தண்ணீர் படாத இடத்தில் நின்று ஆடினார். மேளம் நின்ற போதும் அந்த இடத்திலேயே நின்றார். காவடி எடுத்த மற்றவர்கள் கால்மாற்றி நின்றார்கள். அவர் ஒரு மரம் போல நின்றார்.

காவடி இறக்கிய பிறகு மோர் வாங்கிக் கொடுத்தேன். முகம் முழுக்க வெளிச்சமாக இருந்தது.

"தம்பி, சூடே தெரியேல்லை. சத்தியமாச் சொல்லுறன். ஒரு பொட்டுச் சூடும் தெரியேல்லை."

பக்கத்தில் நின்ற ஒரு அம்மா கையெடுத்துக் கும்பிட்டார். "உண்மையான பக்தி எண்டால் அப்பிடித்தான் மோனை. அவன் தாங்குவான்."

எல்லோரும் தலையாட்டினார்கள். என் பாதங்கள் எரிந்துகொண்டிருந்தன. எனக்குப் பக்தி குறைவு என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு அந்தச் சிவப்புப் பொத்தான் நினைவுக்கு வந்தது. அதையும் அவர் உணரவில்லை.

அடுத்த வகுப்புக்கு அவர் செருப்போடு வந்தார். அதற்குள் தடித்த சொக்ஸ்.

"உதென்ன அண்ணை, மாரிகாலச் சொக்ஸ்?"

"கொஞ்சம் கொப்புளிச்சிருக்கு. மஞ்சள் அரைச்சுப் பூசினனான். முருகன் குடுத்தது, முருகன் எடுப்பான்."

"நோகுதோ?"

"இல்லை எண்டுறன்."

நோகவில்லை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை என்று என்னையே சமாதானம் செய்துகொண்டேன். அப்படிச் சொல்லிக்கொள்ளும்போதே அது சரியில்லை என்பதும் எனக்குத் தெரிந்தது.

வகுப்பில் ஆள் குறைந்துகொண்டு வந்தது. வேலை கிடைத்துச் சிலர், சலித்துச் சிலர். அதற்கடுத்த முறை படிக்கட்டில் நின்று எண்ணியபோது எங்களோடு பதினாலு. ஏழு சோடியாகப் பிரிப்பார் என்று ஏழு கதிரை தள்ளி இருந்தோம். கணக்கு அச்சொட்டாக வந்தது. நானும் அவரும் யன்னலோரம் ஒரு சின்ன மேசையில், தனியாக.

அப்போதுதான் அந்த மணம் வந்தது. சாமிப் படத்துக்கு முன்னால் பூச்சாடியில் மறந்து விட்ட தண்ணீரின் மணம். முதலில் யன்னலுக்கு வெளியேயிருந்து என்று நினைத்தேன். ஆசிரியை மேசை மேசையாக வந்தவர் எங்களிடம் வந்ததும் நின்று, யன்னலை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டுப் போனார். அண்ணை என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டார். குரலைத் தாழ்த்தினார். அவர் தாழ்த்திப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"ஒருத்தரிட்டையும் வாய் திறக்கக் கூடாது."

"டொக்டரிட்டப் போவம் அண்ணை. நான் கூட வாறன்."

"போனால் வெட்டுவாங்கள். ஜேர்மனியில என்ர தமையனுக்கு முதல் ஒரு விரல். பிறகு பாதம். பிறகு முழங்காலோட. துண்டு துண்டாப் பிரிச்சுப்போட்டு, கடைசியில ஆளும் இல்லை. நான் முழுசாப் போறன். விளங்குதோ?"

நான் தலையாட்டினேன். பேசாமல் இருப்பது எனக்கு இயல்பாக வரும் வேலை. அவர் என்னை நம்பியதும் அதனால்தான்.

வீட்டுக்குப் போனதும் மனைவி மூக்கைச் சுளித்தாள்.

"இஞ்சாருங்கோ, உங்களில என்ன மணம்?"

"வகுப்பறையில."

"வகுப்பறையில என்ன செத்துக் கிடக்குது?"

நான் குளிக்கப் போய்விட்டேன்.

அந்த வார இறுதியில் அவருக்குப் போன் எடுத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி எடுத்தேன். பிறகு போனே நிறுத்தி வைத்திருந்தது. சிலருக்கு இப்படி நடக்கும்தானே, சார்ஜ் போட மறந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

வகுப்பு நாளில் வழக்கம்போலப் படிக்கட்டில் நின்றேன். ஒவ்வொருவராக மேலே போனார்கள். நைஜீரியாப் பெண்மணி போகும்போது, "உன் நண்பர் எங்கே?" என்று கேட்டார். வருவார் என்று கையால் காட்டினேன். கதவு மூடப் போகும் நேரம்வரை கீழே தெருவையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கடைசி ஆளாக உள்ளே போனேன்.

ஆசிரியை விரலால் எண்ணினார். என்னில் வந்து முடிந்தது.

"பதின்மூன்று! இன்று எங்களைப் பிரிக்க முடியாது."

என் தோள்கள் தாமாக இளகின. பழக்கம். அந்த நிம்மதி உடம்பில் இறங்கி முடிவதற்குள் போன முறை அவர் இருந்த ஏழாவது கதிரை கண்ணில் பட்டது. அதில் ஒருவர் தன் பையை வைத்திருந்தார்.

அன்றைய பாடம், ஒரு எண் முதன்மை எண்ணா என்று சோதிப்பது. ஒவ்வொருவராகப் பலகைக்குக் கூப்பிட்டார். பிரிவு இல்லாத நாளில் இப்படி ஒரு ஆபத்து வரும் என்று நான் நினைக்கவில்லை. எனக்குக் கொடுத்தது தொண்ணூற்றொன்று. பலகையில் எழுதும் மைப் பேனாவைக் கையில் வாங்கினேன்.

சிறிய முதன்மை எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். இரண்டால்? கடைசி இலக்கம் ஒற்றை, போகாது. மூன்றால்? ஒன்பதும் ஒன்றும் பத்து, பத்து மூன்றால் போகாது, ஆகவே இதுவும் போகாது. ஐந்தால்? பார்த்தவுடனேயே தெரியும், போகாது. "பிரைம்!" என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். இன்னும் இரண்டு பேர் ஓம், சரிதான் என்றார்கள். ஆசிரியை ஒன்றும் சொல்லாமல் என்னையே பார்த்தார். ஏழு மிச்சமிருந்தது. ஏழுக்குக் குறுக்குவழி கிடையாது. நின்று வகுத்துத்தான் பார்க்க வேண்டும்.

எழுபதைக் கழித்தேன். இருபத்தொன்று மிஞ்சியது. அது மூன்று ஏழு. மொத்தம் பதின்மூன்று ஏழு. மிச்சம் இல்லை.

தொண்ணூற்றொன்று பலகையில் முழுசாகத்தான் நின்றது. பார்வைக்கு உடையும் எண் போலவே இல்லை. லேசான சோதனைகளோடு நிறுத்தியிருந்தால் நாங்கள் எல்லோரும் அதைப் பிரிக்க முடியாத எண் என்று எழுதிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்போம். அண்ணையிடமும் நான் லேசான கேள்வியைத்தான் கேட்டிருந்தேன். நோகுதோ என்று கேட்டேன். இல்லை என்றார். சொக்ஸைக் கழற்றுங்கோ என்று சொல்லவில்லை.

பேனாவை வைத்துவிட்டுத் திரும்பினேன். பன்னிரண்டு முகங்கள்.

"ஒரு ஆள் வரவில்லை" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். "அவருக்குக் கால் சரியில்லை. சூடு பட்டது. அவருக்கு நோவு தெரியாது. போன் எடுக்கவில்லை."

ஆசிரியை என்ன என்று கேட்டுக்கொண்டு பக்கத்தில் வந்தார். நைஜீரியாப் பெண்மணி இருந்த இடத்திலிருந்தே கேட்டார், "அவருக்கு டயபிற்றீஸா? பாதம் என்ன நிறம்?"

"நான் பார்க்கவில்லை. மணம்."

மணம் என்றதும் அவர் எழுந்து பையை எடுத்துத் தோளில் போட்டுவிட்டார்.

ஆசிரியை அவசர எண்ணுக்கு அடித்துப் போனை என்னிடம் தந்தார். நோயாளி உங்களோடு இருக்கிறாரா, வீட்டு இலக்கம் என்ன என்று கேட்டார்கள். குட்மேய்ஸில் அவர் இருக்கும் வீட்டுக்கு ஒரே ஒரு தடவை போயிருக்கிறேன். தெரு தெரியும், வாசலில் உடைந்த குப்பைத் தொட்டி ஒன்று இருக்கும், இலக்கம் தெரியாது. போய்ச் சேர்ந்ததும் எடுங்கள் என்றார்கள். பெண்மணியும் நானும் ரயிலுக்கு ஓடினோம். மூன்று நிறுத்தம்தான். இடையில் ஒரு இடத்தில் ரயில் காரணமில்லாமல் நின்றது. பெண்மணி கண்ணை மூடி உதடு மட்டும் அசைய ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார்.

கதவைத் திறந்தவர் அந்த வீட்டில் வாடகைக்கு இருந்த இன்னொருவர். "அவரோ? இரண்டு மூண்டு நாளா வெளியில காணேல்லை" என்று மாடியைக் காட்டினார். படியில் பாதிதூரம் ஏறும்போதே அந்த மணம் இறங்கி வந்தது.

அந்த வெக்கையில் அறைக்குள் ஹீற்றர் போட்டிருந்தது. அவர் கட்டிலில் சாய்ந்து, கழுத்துவரை போர்வை இழுத்து, நடுங்கிக்கொண்டிருந்தார். கண் இரண்டும் பளபளத்தன.

"வகுப்பு முடிஞ்சுதோ தம்பி? எத்தினை பேர் வந்தவை?"

"பதின்மூண்டு."

"அப்ப பிரிச்சிருக்க மாட்டா" என்றார். பிறகுதான் என் பின்னால் நின்றவரைக் கண்டார். "உவவை ஏன் கூட்டிக்கொண்டு வந்தனீர்? உம்மை வாயில்லாப் பூச்சி எண்டெல்லோ நம்பினன்."

பெண்மணி அவரோடு கதைக்கவில்லை. முழங்காலில் இருந்து, போர்வையை விலக்கி, வலது கால் சொக்ஸை மெல்லச் சுருட்டினார். அது தனியாக வரவில்லை. அதோடு தோலும் வந்தது. அண்ணை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் ஒரு சுளிப்புக்கூட இல்லை. அதைத்தான் என்னால் இன்றும் மறக்க முடியவில்லை. கடைசி மூன்று விரல்களும் தேரோடிய றோட்டின் நிறத்தில் இருந்தன.

நான் வாசல் இலக்கத்தைப் பார்த்துச் சொல்லி அம்புலன்ஸை வரவழைத்தேன். ஆஸ்பத்திரியில் தாதி ஒருவர் அவருடைய கணுக்காலுக்கு மேலே, புண்ணிலிருந்து ஏறிய சிவப்பு முடியும் எல்லையில், பேனாவால் ஒரு கோடு போட்டார். இந்தக் கோட்டைத் தாண்டினால் உடனே எங்களைக் கூப்பிடு என்றார். நான் கதிரையைக் கட்டிலின் கால்மாட்டுக்கு இழுத்துப் போட்டு அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னேரம் பார்த்தபோது சிவப்பு கோட்டுக்கு மேலே ஒரு விரல் அகலம் ஏறியிருந்தது. நான் போய்ச் சொன்னேன். யாரிடம் என்ன சொல்வது என்று யோசிக்க நேரமில்லை.

கால் தப்பியது. மூன்று விரல்களை எடுத்தார்கள். இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் முழங்காலோ உயிரோ என்று பெண்மணி பிறகு எனக்குச் சொன்னார். டொக்டர் அவ்வளவு வெளிப்படையாகச் சொல்லவில்லை. நான் பார்க்கப் போனபோது அண்ணை முதலில் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. தலையணையைச் சரி செய்தேன். தண்ணீர் ஊற்றி வைத்தேன். கொஞ்ச நேரம் கழித்துக் கட்டுப் போட்ட காலைக் காட்டினார்.

"பத்தில மூண்டு போனால்?"

"ஏழு, அண்ணை."

"முதன்மை எண். இனி ஆர் என்னைப் பிரிக்கிறது, பாப்பம்."

அவர் சிரித்தார். நானும் சிரிக்க வேண்டியிருந்தது. ஏழுக்குள் எதுவும் போகாது என்பது கணக்கில்தான் என்று அவருக்கும் தெரிந்திருக்கும்.

வகுப்பை நான் முடித்தேன். சான்றிதழும் வந்தது. அவர் திரும்ப வரவில்லை. எங்கள் மேசை டப்பாவில் கடைசிவரைக்கும் இருபத்துமூன்று பொத்தான்தான் இருந்தது.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் குட்மேய்ஸுக்குப் போகிறேன். இடது காலிலும் உணர்ச்சி போய்க்கொண்டிருக்கிறது, தினமும் அடிப்பாதத்தைப் பார்க்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருக்கிறார்கள். அவருக்குக் குனிய ஏலாது. கண்ணாடி வைத்துப் பார்க்கச் சொன்னால், பார்த்தனான் என்று பொய் சொல்வார். ஆகவே நானே போய், கட்டிலுக்கு முன்னால் இருந்து, அந்தக் காலைத் தூக்கி என் மடியில் வைத்துக்கொள்வேன். விரல் இடுக்கெல்லாம் பார்ப்பேன். செருப்பைக் கவிழ்த்துத் தட்டுவேன்.

போன ஞாயிறு அவர் நல்ல உசாராக இருந்தார். அந்தக் கால் முழுக்கச் சுகம், உணர்ச்சி திரும்பி வந்துவிட்டது, வாற கோடைக்குத் தேருக்குப் போறன் என்றார். பெருவிரலை அழுத்தினேன்.

"தெரியுதோ?"

"ஓம். நல்லாத் தெரியுது."

அவர் கண் என் கையிலேயே இருந்ததைக் கவனித்தேன்.

"கண்ணை மூடுங்கோ அண்ணை."

"ஐசே, சோதினையோ வைக்கிறீர்?" என்று சிரித்துக்கொண்டு மூடினார்.

குதியை அழுத்தினேன். "இப்ப?"

"ஓம்."

நடுப்பாதத்தை நகத்தால் கீறினேன். "இப்ப?"

"ஓம், ஓம். தெரியுது."

பிறகு கையை எடுத்துவிட்டேன். அவருடைய கால் என் மடியில் கனமாகக் கிடந்தது. என் இரண்டு கையும் காற்றில் நின்றன. கீழே யாரோ முன்கதவைத் திறந்து மூடும் சத்தம் கேட்டது.

"இப்ப, அண்ணை?"

கண் மூடியபடி அவர் தலையாட்டினார்.

"ஓம் தம்பி. தெரியுது."